பதினேழாம் எண் கிரீடம்

விழுப்புரத்து வீட்டின் முன்னறையில், பதினேழாம் எண் கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட் சுற்றிய கட்டையின் மேல் கிரீடம் இல்லை. ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், "கூத்துக்குப் போயிருக்கு. சனிக்கிழமை வரும்" என்று எழுதியிருந்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். புதன்கிழமை, காலை பத்து நாற்பது. எதிர்பாராதது எது நடந்தாலும் முதலில் மணி பார்ப்பது என் பழக்கம். இரவு டைரியில் எழுத வேண்டியிருக்கும். அதன் பிறகுதான் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டு, அது பட்டியலில் பன்னிரண்டாம் எண் என்று நினைவு வந்து எழுந்துவிட்டேன்.

யார், எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் நான் ஸ்டோர் கீப்பர். வயது ஐம்பத்திரண்டு. எங்கள் பழைய முதலாளிக்குப் பழம்பொருள்கள் மேல் பித்து. விழுப்புரம் பக்கத்து ஜமீன் குடும்பம் ஒன்று அரண்மனைச் சாமான்களை ஒட்டுமொத்தமாக விற்றபோது அவர் வாங்கினார். அரச சம்பந்தமானவற்றை விழுப்புரத்தில் ஒரு வீட்டிலும், கூத்து, பொம்மை, மண் குதிரை போன்ற நாட்டுப்புறக் கலைப் பொருள்களைத் திண்டிவனத்தில் ஒரு வீட்டிலும் வைத்து, இரண்டு சிறிய அருங்காட்சியகங்கள் ஆக்கினார். பொருள் பிறந்த மண்ணிலேயே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. அவர் காலமாகிவிட்டார். மகனுக்கு அந்தக் கொள்கை இல்லை. கோயம்புத்தூரிலேயே ஒரு கூடம் கட்டிவிட்டார். விழுப்புரத்தில் இருக்கும் நாற்பத்தொரு பொருள்களையும் ஏற்றிக்கொண்டு போகத் திங்கட்கிழமை லாரி வருகிறது. அதற்கு முன் அவற்றையும், அங்கேயே இருக்கப்போகிற திண்டிவனத்து வீட்டையும் பட்டியலோடு சரிபார்க்க வேண்டியது என் வேலை. பட்டியலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். பதினோரு வருடங்களாக ஒவ்வொரு தை மாதமும் புதுப்பித்துத் தட்டச்சு செய்கிறேன்.

"ஒண்ணு குறைஞ்சாலும் போலீசுல எழுதிக் குடுத்துட்டு வாங்க ரங்கசாமி" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். "எல்லாம் சரியா இருந்தா அந்தம்மாவையே திண்டிவனத்தைப் பாத்துக்கச் சொல்லிருங்க."

அந்தம்மா என்பது அஞ்சலை. இரண்டு வீட்டுச் சாவியும் அவர் இடுப்பில்தான். டிக்கெட் கிழிப்பதும், துடைப்பதும், தை மாதத்தில் எனக்குப் பட்டியல் எழுதி அனுப்புவதும் அவரே. வயது நாற்பத்தைந்து இருக்கும். பதினோரு வருடங்களாகக் கடிதத்தில் மட்டும் பழக்கம். அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். ராஜாவின் பல்லக்குக் கொம்பில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?" என்று அட்டையைக் காட்டினேன்.

"அதான் எழுதியிருக்குதே சார்."

"கூத்துன்னா?"

"கூத்துன்னா கூத்துதான். எங்க ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழா. பத்து நாளா பாரதக் கூத்து நடந்துக்கினு இருக்குது. நாளன்னிக்குப் படுகளம். துரியோதனன் வுழுந்துட்டான்னா கிரீடத்துக்கு வேல முடிஞ்சிது. மறுநாளே எடுத்துக்கினு வந்து குடுத்துடுவாங்க. ஒரு வருஷங்கூட தப்புனதில்ல."

"ஒரு வருசங்கூடன்னா, எத்தனை வருசமாங்க?"

"நான் வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆவுது."

நான் கணக்குப் போட்டேன். என் பதினோரு பட்டியல்களும் அதற்குள் அடங்கின. பதினேழாம் எண்: ராஜ கிரீடம், மரம், பொன் பூச்சு, பதினாறு அங்குல உயரம், உள்ளது. பதினோரு முறை "உள்ளது" என்று அடித்திருக்கிறேன். தை மாதத்தில் அது உள்ளதுதான். சித்திரையில் யாரும் கேட்கவில்லை.

"சார், உங்க கையில ஒரு பேனா இருக்குது" என்றார் அஞ்சலை. குரலில் கெஞ்சல் இல்லை. "காணோம்னு எழுதிட்டா என் பொழப்பு போச்சி. எம் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிச்சிக்கினு இருக்குது. சனிக்கெழம வரைக்கும் அந்தக் கட்டத்த மட்டும் வுட்டு வெய்ங்க. வேற எதுவும் கேக்கல."

கட்டத்தைக் காலியாக விட்டேன். என் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது அதுவே முதல் முறை. மதியம் ரயிலடிக்கு எதிரில் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது. தண்ணீர் உப்புக் கரித்தது. எங்கள் ஊர் சிறுவாணித் தண்ணீரைக் குடித்த நாக்கு அதைத் தண்ணீர் என்று ஒப்புக்கொள்ள மூன்று தம்ளர் ஆனது. அறையில் மின்விசிறி சுற்றியும் வியர்த்தது. கோயம்புத்தூரில் சித்திரையிலும் மாலையானால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வரும். இங்கே வரும் காற்று அடுப்பங்கரையிலிருந்து வருகிறது.

வியாழக்கிழமை திண்டிவனம். பேருந்து நிலையத்துக்குள் போகும் என்று நம்பி ஏறினேன். புறவழிச்சாலையில் பாலத்துக்கு அடியில் வண்டி நின்றது. "திண்டிவனம்லாம் எறங்கு" என்றார் நடத்துநர். பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டேன். "அது அங்கியேதான் சார் இருக்குது. நாங்கதான் போவறதில்ல" என்றார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கியதும் என் குடை வண்டியிலேயே போய்விட்டது. கறுப்புக் குடை, மரக் கைப்பிடி, ஆறு வருடப் பழக்கம். பாதி மூட்டைகளால் நிறைந்த ஒரு ஷேர் ஆட்டோவில், நிலக்கடலை மூட்டை மேல் உட்கார்ந்து ஊருக்குள் போனேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு பிடி அவித்த கடலையைக் கையில் திணித்து, "மல்லாட்ட சாப்புடுங்க சார், மூட்ட மேல குந்திக்கினு சும்மா வரக்கூடாது" என்றார். எங்கள் பக்கம் கடலைக்காய் என்போம். பெயர் எதுவானாலும் அந்த ருசி எங்கள் ஊரில் இல்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

திண்டிவனத்து வீடு ஒரே கூடம். அஞ்சலை முன்பே வந்து திறந்து வைத்திருந்தார். மண் குதிரைகள், தோல் பொம்மைகள், மரத்தில் செதுக்கிய வீரன் தலை, சுவரில் கூத்துக்காரர்கள் தோளில் கட்டும் மரப் புஜக்கட்டைகள் இரண்டு. பட்டியலில் உள்ள இருபத்து மூன்றும் இருந்தன. மனம் கொஞ்சம் ஆறியது. புஜக்கட்டையை அளக்கப் போனபோதுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் கிளிகள். கிளியின் அலகு தன் சிறகையே கொத்துவது போல் வளைந்திருந்தது. கழுத்தில் மூன்று புள்ளி.

பையிலிருந்து பதினேழாம் எண்ணின் புகைப்படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். கிரீடத்திலும் அதே கிளி, அதே வளைவு, அதே மூன்று புள்ளி. ஒரே தச்சனின் கை.

"இதுவும் கிரீடமும் ஒரே ஜோடியா?" என்றேன்.

"ஆமா சார். எல்லாம் ஒரே செட்டுதான்."

"அப்ப இது ஏன் கூத்துக்குப் போகலீங்க?"

"அது வெடிச்சிப் போச்சி சார். கட்டனா தோள்ல நிக்காது. அதனாலதான் இங்கியே இருக்குது."

இருபத்து மூன்றில் இரண்டு பொருள்கள் இருப்பதற்குக் காரணம் அவை உடைந்திருப்பதுதான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு இன்னொன்றும் உறுத்தியது. கூத்துக்காரன் தோள்கட்டையும் ராஜாவின் கிரீடமும் எப்படி ஒரே செட் ஆகும்? ஒன்றை நாட்டுப்புறக் கலை என்று இங்கே மாட்டினோம். மற்றொன்றை அரச வரலாறு என்று முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வெல்வெட்டில் வைத்தோம். பிரித்தது யார் என்று யோசித்தேன். பழைய முதலாளி சொல்லச் சொல்ல, எனக்கு முந்தைய ஸ்டோர் கீப்பர் முதல் பட்டியலை அடித்திருக்கிறார். தலையில் வைப்பது என்றால் ராஜாவுடையது, தோளில் கட்டுவது என்றால் கூத்தாடியுடையது என்று இருவரும் முடிவு செய்திருக்க வேண்டும். நான் அதைப் பதினோரு முறை நகல் எடுத்தேன்.

"நாளைக்கு நானும் உங்க ஊருக்கு வரோணுங்க" என்றேன்.

அஞ்சலை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "பாக்கவா, புடுங்கிக்கினு வரவா?"

"பாக்கத்தானுங்க. அளவு எடுக்கோணும்."

"ஆடற தலையில அளவெடுக்கப் போறீங்களா" என்றார். ஆனாலும் வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அஞ்சலையோடு கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை. சாலையோரக் கடையில் கேப்பைக் கூழும் வறுத்த மோர் மிளகாயும் கொடுத்தார்கள். வெயிலுக்கு அதைவிடச் சிறந்ததை நான் குடித்ததில்லை. கூழ் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் அளவு நாடாவைப் பார்த்துவிட்டு, "தையக்காரரா அஞ்சல?" என்று கேட்டார்.

"கோயம்புத்தூர்லேர்ந்து கிரீடத்தப் பாக்க வந்திருக்காரு அத்த."

"தலைய வுட்டுட்டுக் கிரீடத்தப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாரு? பாவம், வூட்ல என்னா பேஜாரோ."

ஊர் எல்லையில் திடலுக்குள் திரும்பியபோது நான் நின்றுவிட்டேன். திடல் முழுவதும் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். மண்ணால் செய்த துரியோதனன். கரிய மீசை, பிதுங்கிய வெள்ளைக் கண், மஞ்சள் உடம்பு. ஓரமாக நடந்து எட்டு வைத்து அளந்தேன். தலையிலிருந்து கால் வரை என் எட்டில் பத்தொன்பது. எங்கள் ஆலையின் ஸ்டோர் அறையில் இவனைப் படுக்க வைத்தால் கால் வெளியே நிற்கும். மூன்று நாளில் கட்டினார்களாம். இன்று மதியம் உடைத்துவிடுவார்களாம். பாதுகாப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற எனக்கு, அதைச் சொன்னவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாதது புரியவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் நிஜத் துரியோதனன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. மற்ற நாட்களில் ஜேசிபி ஓட்டுகிறவர். முகப்பூச்சு கலையாமல் இருக்க ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார். அவர் மடியில் பதினேழாம் எண்.

முதலில் அது வேறு ஏதோ என்று நினைத்தேன். பொன் அப்படி மின்னியது. பக்கத்தில் திறந்த பெயிண்ட் டப்பாவும் பசைக் குழாயும் இருந்தன.

"வாங்க சார். பட்டியல் எழுதறவரு நீங்கதானா? அக்கா சொல்லும்" என்றார். "ரெண்டு கண்ணாடி வுழுந்துடுச்சி, மாத்திட்டோம். எழுதிக்கோங்க."

"இந்தப் பொன் பூச்சு?"

"வருஷா வருஷம் அடிக்கறதுதான் சார். வேர்வ பட்டா நிக்காதில்ல."

பதினோரு வருடங்களாக நிலைமை என்ற கட்டத்தில் "பூச்சு மங்கவில்லை" என்று அடித்தவன் நான். ஒரு முறை முதலாளி அதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்துப் பூச்சு அப்படி" என்றார். நான், "ஆமாங்க, இப்ப அது மாதிரி வராதுங்க" என்று சொன்னேன். அந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் ஒலித்தது.

"இதைப் பெட்டியில வெச்சிருக்கிறது அரசர் கிரீடம்னு" என்றேன்.

"நானும் அரசர்தான் சார்" என்றார் ஏழுமலை. "மதியம் வரைக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, தலையில் துணியைச் சுற்றி, அதன் மேல் கிரீடத்தை இறக்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு நான் பார்த்தது ஜேசிபி ஓட்டுகிறவரை அல்ல.

படுகளத்தை வரிசையாக எழுத முயல்கிறேன். மேளமும் முகவீணைக் குழலும் தொடங்கின. பீமன் வேஷக்காரர் கதையைச் சுழற்றிக்கொண்டு துரத்த, ஏழுமலை மண் உடம்பைச் சுற்றி ஓடினார். ஊரே இரண்டு பக்கமும் ஓடியது. அவர் தாவும்போதெல்லாம் பதினேழாம் எண் என் கண்ணெதிரே ஓர் அடி உயரம் எழும்பி இறங்கியது. காப்பீட்டுப் படிவத்தில் "அசைக்கக் கூடாது" என்று எழுதிய பொருள். ஒரு முறை அவர் கால் இடறியது. நான் என்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "வுழ மாட்டாரு சார், இன்னும் நேரமாவல" என்றார்.

நேரம் வந்தது. பதினொன்று ஐம்பத்தைந்து. கிருஷ்ணன் வேஷக்காரர் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். பீமன் மண் தொடையில் ஓங்கி அடித்தார். உள்ளே புதைத்து வைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. என் சட்டையில் நான்கு துளி. திரௌபதி வேஷக்காரர் அதைத் தொட்டுக் கூந்தலை முடிந்தார். அதே நொடியில் ஏழுமலை வேரறுந்த மரம் போல் பின்னால் சாய்ந்தார். நடிப்பு என்று நினைத்தேன். கண் மேலே செருகியிருந்தது.

"கிரீடத்த எடு, ஜல்தி, மூச்சு வுடட்டும்" என்று யாரோ கத்தினார்கள். முடிச்சை அவிழ்த்தார்கள். சுற்றியிருந்தவர்களில் ஓடாமல், கும்பிடாமல், வெறுமனே நின்றவன் நான் ஒருவன்தான்.

"சார், இத்தப் புடிங்க."

என் கையில் அது கவிழ்ந்த நிலையில் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனம். உள்ளே வியர்வை வடிந்துகொண்டிருந்தது. தலைத்துணி அதோடு ஒட்டி வந்து நழுவி விழுந்தது. மரத்தின் உள்பக்கம் வெயிலில் தெரிந்தது. பூச்சு படாத கறுத்த மரம். அதில் ஆழமாகச் செதுக்கிய எழுத்துகள். "னை" பழைய தும்பிக்கை எழுத்து.

அம்மனுக்கு அரண்மனை உபயம். கூத்துக்கு.

இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறை விரலால் தடவிப் படித்தேன். நம் கோயில்களில் ஒரு குழல் விளக்கு மாட்டினால்கூட உபயம் என்று பெயர் எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவார்கள். அதையெல்லாம் பார்த்துச் சிரிப்பவன் நான். இந்த ஜமீன்தார் பெயரைக்கூடப் போடவில்லை. கொடுத்தார், யாருக்கு என்று எழுதினார், எதற்கு என்று எழுதினார். எந்த ராஜாவும் இதைத் தலையில் வைத்ததில்லை. ராஜா இதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பொருள் திருவிழா இல்லாத நாளில் அரண்மனையில் பத்திரமாக இருந்திருக்கிறது. அரண்மனையை விற்றபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. நாங்கள் அதை வெல்வெட்டில் உட்கார வைத்து, உயரமும் அகலமும் எடையும் எழுதினோம். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அப்போது என் முதுகில் அடி விழுந்தது.

திரும்பினேன். துரியோதனன் மனைவி வேஷக்காரர், தலைவிரி கோலமாக, ஒப்பாரி வைத்துக்கொண்டே கையில் துடைப்பத்தோடு நின்றார். மறுபடி ஓங்கினார். நான் கிரீடத்தை நெஞ்சோடு அணைத்துக் குனிந்தேன். என் ஐம்பத்திரண்டு வருடத்தில் யாரும் என்னைத் துடைப்பத்தால் அடித்ததில்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்துதான் அடிக்கிறார்கள் என்றே அந்தக் கணத்தில் நம்பினேன். பதினோரு வருடத்துக்கு நான்கு அடி குறைவு என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் பெண்கள் வரிசையாகத் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"குடுத்து வெச்சவரு சார் நீங்க" என்றார் அஞ்சலை. "அந்த அடிக்கு ஜனம் முட்டிக்கினு நிக்குது. புடிச்ச பீடையெல்லாம் போயிடும். எத்தினி அடி?"

"நாலுங்க."

"நாலா? எனக்கு ரெண்டுதான் கெடச்சிது."

ஏழுமலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தார். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கிரீடம் எங்க?" என் கையில் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அஞ்சலையைத் தனியாக அழைத்து எழுத்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"தெரியுமே சார். ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சும் யாரும் திருப்பிக் கேக்கலீங்களா?"

"கேட்டா குடுத்துடுவாங்களா? பெரியவங்க வூட்டு சமாச்சாரம். கேக்காத வரைக்கும் வருஷம் பத்து நாள் வந்துக்கினுதான இருந்திச்சி." திடல் பக்கம் திரும்பினார். "இனிமே கோயம்புத்தூருக்குப் போயிட்டா எங்க வரப்போவுது? இன்னிக்கு ஏழுமல ஆடுனது கடைசி ஆட்டம்னு தெரிஞ்சிதான் ஆடுனான். அதான் அப்பிடி வுழுந்தான்."

அன்றிரவு டைரியில் நேரங்களை மட்டும் எழுத முடிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு விழுப்புரத்து வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. ஏழுமலை, பின்னால் நிலக்கடலைச் சாக்கு. சாக்குக்குள் புதுத் துண்டில் சுற்றிய கிரீடம். அட்டையில் எழுதியிருந்தபடியே. காதோரம் இன்னும் பூச்சு போகவில்லை. அவரே பெட்டியைத் திறந்து, வெல்வெட் கட்டையில் அதை உட்கார வைத்து, இரண்டு அடி பின்னால் வந்து பார்த்து, கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி வைத்தார். அட்டையை எடுத்து அஞ்சலையிடம் கொடுத்தார்.

"கரெக்டா இருக்குதா சார்? பாத்துக்கோங்க. ஒண்ணும் குறையில்ல."

ஒன்றும் குறையில்லை. நாற்பத்தொன்றும் இருந்தன. அந்தக் காலிக் கட்டத்தில் நான்கு எழுத்து எழுதினால் போதும். அஞ்சலைக்கு வேலை நிலைக்கும், முதலாளிக்கு லாரி நிறையும், எனக்கு ஊர் போய்ச் சேரலாம். உள்ளே பார்த்ததை எழுதினால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதன் முடிவில் அஞ்சலை நிற்பார்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அஞ்சலையைப் பார்த்தேன். "நான் பாத்ததை எழுதுனா உங்களுக்குக் கஷ்டம் வரலாமுங்க."

அவர் ஏழுமலையைப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியை. சேலைத் தலைப்பால் அதன் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எழுதுங்க சார். பத்தொம்பது வருஷமா திருடி மாதிரி சாக்குல வெச்சி அனுப்பறேன். ஒரு தடவ எழுத்துல இருக்கட்டும்."

வாசலுக்கு வந்து முதலாளியைப் போனில் அழைத்தேன்.

"சொல்லுங்க ரங்கசாமி. பூராம் இருக்குதா?"

"இருக்குதுங்க. பதினேழாம் நெம்பரப் பத்தி மட்டும் பேசோணுமுங்க. உள்பக்கம் எழுத்து இருக்குதுங்க." படித்துக் காட்டினேன்.

"அதை எதுக்குங்க கவுத்துப் பாத்தீங்க?" என்றார்.

"நான் கவுக்கலீங்க. என் கைக்கு வந்ததே அப்பிடித்தானுங்க."

"கைக்கு வந்துச்சா? பொட்டியத் தொறந்தது யாரு?"

"பட்டியல்ல அதுக்குக் கட்டம் இல்லீங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். நிறுத்தாமல் சொன்னேன். "மலைக்கோயிலுக்கு நாம குடுத்த வெங்கல மணி, நம்ம ஸ்டோர்ல இருந்து நாந்தானுங்க எழுதி அனுப்புனேன். அதுலயும் உபயம்னு போட்டிருக்குதுங்க. நாளைக்கு அதை யாராச்சும் வாங்கி அவங்க ஹால்ல மாட்டுனா..."

"போதுங்க." குரல் இறங்கியிருந்தது. "எழுத்து தெளிவா இருக்குதா?"

"தெளிவா இருக்குதுங்க."

"அப்பாவுக்கு இது தெரியாதுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க. வெல்வெட்டு மேலயே உக்காந்திருந்துச்சுங்க."

"இத்தனை வருசம் அம்மன் பொருளையா நம்ம பேர்ல எழுதி வெச்சிருந்தோம்." அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "குடுத்துருங்க. லாரி வர்றதுக்கு முந்தி குடுத்துருங்க. வெறுமனே குடுக்காதீங்க, தேங்கா பழம் வெச்சுக் குடுங்க. அந்தம்மாவத் திண்டிவனத்துல நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க." பிறகு முதலாளியாகிவிட்டார். "ஆனா லாரிக்கு நாப்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்தாச்சு. கணக்கு உதைக்காமப் பாத்துக்குங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். அஞ்சலை பல்லக்குக் கொம்பைப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிரீடத்தைத் துண்டில் ஏந்தி, பைக் பின்சீட்டில் உட்கார்ந்தார். அஞ்சலை கடைத்தெருவுக்குப் போய், தேங்காய் பழத்தோடு, வண்டியை ஓட்ட ஒருவரையும் அழைத்து வந்தார். இந்த முறை அது சாக்குக்குள் போகவில்லை.

அன்று முழுவதும் மீதி நாற்பது பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். முக்காலியின் அடியில் ஒரு சூயிங்கம் இருந்தது. வேறு எழுத்து இல்லை. மாலை நான்கு மணிக்குப் பதினேழாம் எண்ணில் கிரீடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதே வரியில் புதிதாக எழுதினேன்: அட்டை ஒன்று. ஐந்துக்கு மூன்று அங்குலம். நீல மை. கையெழுத்து அஞ்சலையுடையது. உள்ளது. லாரிக்குக் கணக்கு நாற்பத்தொன்று, சரி.

கோயம்புத்தூர்க் கூடத்தில் அது இப்போது பதினேழாம் பெட்டிக்குள், அதே வெல்வெட் கட்டையில் சாய்ந்து நிற்கிறது. முதலாளி பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை. அவ்வப்போது யாராவது நின்று படித்துவிட்டு, சனிக்கிழமை பார்த்து மறுபடி வருகிறார்கள், கிரீடம் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை என்று அட்டையில் எழுதவில்லை என்பதை நான் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுகிறேன்.